வேதக்காரர் என்று மலரில் போடலாமா?

கேள்வி (இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியதன் சுருக்கம்): எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு நூறு வருஷம் நிறைகிறது. நூற்றாண்டு மலர் போடுகிறோம். கோயில் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு. பழைய ஆட்களிடம் விசாரித்தபோது எல்லாரும் முதல் தலைமுறையை "வேதக்காரவுங்க" என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன். அம்மா படித்துப் பார்த்து, "அதைப் போடாத, அதைச் சொல்லித்தான் எங்கள இளக்காரம் பண்ணுவாங்க" என்று கண் கலங்கினார். மலர்க்குழுவில் ஒரு பெரியவர் "மதம் மாறியவர்கள்" என்று போட்டால் போதும் என்கிறார். ஓர் இளைஞர் "மதம் மாற்றப்பட்டவர்கள்" என்பதே சரி என்று வாதாடுகிறார். வேதக்காரர் என்றால் என்ன? எங்கிருந்து வந்த சொல்? அது வசையா? பைபிளில் இதற்குச் சொல் இருக்கிறதா? எதைத்தான் போடுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் நெருங்கியிருக்கும், அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். "வேதக்காரர்" என்ற சொல்லைப் போடுங்கள். உங்கள் வாயால் சொல்லாமல், அதைச் சொன்னவர்கள் வாயால் சொல்ல வைத்து, பக்கத்திலேயே விளக்கமும் போடுங்கள். "மதம் மாறியவர்" என்பதை உண்மையிலேயே மாறிய ஆளுக்கு மட்டும், அவர் மாறிய அந்தக் கட்டத்தைச் சொல்லும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "மதம் மாற்றப்பட்டவர்" வேண்டவே வேண்டாம்.

இனி ஏன் என்பதற்கு வருகிறேன். நான் அகராதி வேலை செய்கிறவன். இந்தச் சொல்லின் பின்னால் நெடுநாள் போயிருக்கிறேன். இதற்குள் இருக்கிற வரலாறு உங்கள் மலரில் ஒரு பக்கமாவது இடம்பெற வேண்டியது என்று நினைக்கிறேன்.

சொல்லின் கட்டுமானத்தில் புதிர் எதுவும் இல்லை. ஊர்க்காரர், கடைக்காரர், சொந்தக்காரர் மாதிரிதான் இதுவும். ஒன்றை உடையவர், ஒன்றைச் சேர்ந்தவர் என்று பொருள். வேதத்தை உடையவர், வேதத்தைச் சேர்ந்தவர் வேதக்காரர். வேதம் வடமொழியிலிருந்து வந்தது, அறிதல் என்ற பொருளுள்ள வேர்ச்சொல்லில் பிறந்தது. தமிழில் மறை என்போம். ரிக், யசுர், சாமம், அதர்வணம் என்ற நாலு நூலுக்கு உரிய பெயர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தொடங்கலாம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் கடலோர மக்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, அந்தச் சமயத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் ஏதும் இல்லை. அன்ரிக்கே அன்ரிக்கசு பாதிரியார் 1578 ஒக்டோபரில் கொல்லத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" தமிழின் முதல் அச்சு நூல்களில் ஒன்று. அடுத்த ஆண்டு கொச்சியில் வந்தது "கிரிசித்தியானி வணக்கம்". அந்தத் தலைப்பே போதும், பிறமொழிச் சொல்லை ஒலி மாற்றித் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்போது உள்நாட்டு மக்கள் பார்வையில் இது பரங்கிகளின், அதாவது போர்த்துக்கேயரின் சமயம். அதில் சேர்கிறவனும் பாதிப் பரங்கி. மதுரையில் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம் "பரங்கிக் குலத்தில் புகச் சம்மதமா" என்ற கருத்தில் கேட்கிற வழக்கமே இருந்தது. அதாவது, கிறிஸ்துவிடம் வருவதென்றால் தாய் தகப்பனின் குலத்தைவிட்டு வேறு ஒரு குலத்துக்குள் போவது என்று ஆகிவிடுகிறது.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான ரொபர்ட் தே நொபிலி அந்தக் கேள்வியைக் கடுமையாக எதிர்த்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி கட்டி, தமிழும் வடமொழியும் கற்றவர் அவர். காணாமல்போன ஒரு வேதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், முத்தி தரும் வேதம் அதுவே என்ற முறையில் தன் போதனையை முன்வைத்தார். அதன் பிறகு மதுரை மிஷன் முழுவதிலும் வேதம் என்ற சொல் கிறிஸ்தவத்தின் பெயராகவே வேர்விட்டுவிட்டது. சத்திய வேதம் என்றார்கள். 1693 பெப்ரவரியில் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தரை வேதசாட்சி என்றார்கள். வீரமாமுனிவர் உபதேசிமாருக்கு, அதாவது குருக்களுக்குத் துணையாகச் சமயம் போதித்தவர்களுக்கு, எழுதிய நூலுக்கு "வேதியர் ஒழுக்கம்" என்றே பெயரிட்டார். லுத்தரன்காரர்களும் பின்தங்கவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714இல் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் அச்சிட்டபோது "அஞ்சு வேத பொஸ்தகம்" என்று தலைப்புக் கொடுத்தார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருவரையொருவர் மறுத்து நூல் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் இந்த ஒரு சொல்லில் இரு தரப்பும் ஒன்றுபட்டார்கள். பிறகு வேதாகமம், வேதபாடம், வேதக்கோயில் என்று குடும்பம் பெருகியது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் வேதக்காரர்.

வேதம் என்ற பெயரை இப்படி வேறு நூலுக்கு வைப்பது தமிழில் புதுமையும் இல்லை. திருவாய்மொழியைத் திராவிட வேதம் என்றார்கள், திருக்குறளைத் தமிழ் மறை என்றார்கள். முஸ்லிம்கள் குர்ஆனைத் திருமறை என்கிறார்கள். தவ்ராத், சபூர், இன்ஜீல், குர்ஆன் என்று அவர்களும் நாலு வேதம் எண்ணுவார்கள். யூதரையும் கிறிஸ்தவரையும் குர்ஆன் குறிப்பிடும் இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்புகள் வேதத்தையுடையோர் என்றும் வேதக்காரர்கள் என்றும் போடுகின்றன. உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்குச் சுருக்கென்று குத்துகிற அதே சொல்லை இன்னொரு சமயத்தார் தங்கள் புனித நூலின் மொழிபெயர்ப்பில் மரியாதைச் சொல்லாக வைத்திருக்கிறார்கள்.

நொபிலியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அவர் குலத்தை உடைக்கச் சொல்லவில்லை. உயர்சாதியார் தங்கள் சாதி வழக்கத்தோடேயே கிறிஸ்தவராகலாம் என்றார். மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரிவு இருந்தது. வேதம் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததில் பிராமணரிடம் மதிப்புப் பெறும் நோக்கமும் இருந்தது. ஆனால் சொல் அங்கேயே நின்றுவிடவில்லை, அது வயற்காட்டுக்கும் சேரிக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தச் சொல் மிகவும் பெரியதாகத் தெரிகிறது. சூத்திரர் வேதத்தை ஓதுவது மட்டுமில்லை, காதால் கேட்பதே குற்றம் என்று தரும நூல்கள் எழுதி வைத்தன. சூத்திரருக்கே அப்படி என்றால், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களுக்கு, வந்தவர்களில் பெரும்பகுதி அப்படி நிறுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன ஒரு பகுதியைப் பார்த்து, மற்றத் தமிழர்கள், சில நேரம் ஆட்களை மேய்த்த மேல்சாதிக் கங்காணியே, வேதக்காரர் என்று சொன்னார். கேட்கக்கூடாது என்று விலக்கப்பட்ட ஒன்றை உடையவர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கேலியாகச் சொல்லியிருக்கலாம், வெறுப்பாகச் சொல்லியிருக்கலாம். என்ன மனநிலையில் சொன்னாலும், அவர் வாயிலிருந்து வந்த சொல்லின் பொருள் அதுதான்.

சரி, மலைநாட்டுக்கு வருவோம். மலைநாட்டில் கத்தோலிக்கம் கோப்பிக்கு முன்பே இருந்தது. கோவாவிலிருந்து 1687இல் இலங்கைக்கு வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்து, உளவாளி என்று சிறைப்பட்டு, பின்பு அரசனின் நம்பிக்கையைப் பெற்று, 1711இல் கண்டியிலேயே இறந்தவர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் உங்கள் கோயிலுக்கு வித்து தோட்டங்களோடு வந்தது. 1820களில் தொடங்கிய கோப்பியும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தேயிலையும், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம் பக்கத்து ஆட்களை இழுத்து வந்தன. அந்தப் பக்கங்களில் நொபிலி காலத்துச் சபைகளும் தரங்கம்பாடிக் காலத்துச் சபைகளும் நூறு, இருநூறு ஆண்டுகளாக இருந்துவந்தன. ஆகவே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பலர், கழுத்தில் செபமாலையோடு வந்தவர்கள். அவர்களுடைய பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. வேதக்காரர் என்ற பெயரும் அவர்களோடு அதே பாதையில் நடந்து வந்தது.

இங்கே வந்த பிறகு சேர்ந்தவர்களும் உண்டு. ஆங்கிலிக்கன் தரப்பில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாக உபதேசிமாரை அனுப்பியது. லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் வாசலில் ஜெபம், பிள்ளைமடுவம் என்ற குழந்தைக் காப்பகத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்று வேலை நடந்தது. கத்தோலிக்கக் குருமார் தோட்டத்துக்கு வந்து பூசை வைத்தார்கள். ஆக, உங்கள் கோயிலின் முதல் தலைமுறை என்று நீங்கள் எழுதுகிறவர்களில் இரண்டு வகை ஆட்கள் கலந்திருப்பார்கள். ஊர் எல்லாரையும் சேர்த்து வேதக்காரர் என்றது. மலர்க்குழுப் பெரியவர் சொல்கிறபடி எல்லாரையும் மதம் மாறியவர்கள் என்று போட்டால், மாறாத ஆட்களையும் மாறியவர் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். வரலாற்றுக் கட்டுரையில் அது பிழை.

அந்தச் சொல் மக்கள் வாயில் எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நோர்வூட் பக்கத்தில் ஒரு லயத்தில் சொல் சேகரித்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியிடம் பேச்சு வந்தது. காம்பரா என்கிற அவர் அறையின் சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், அதற்குக் கீழே மின்சார விளக்கு. "நாங்க வேதக்காரவுங்க தம்பி. எங்கக்கா வாக்கப்பட்டது மாரியம்மன் கோயில் கும்புடுற வீடு. தீவாளிக்கு அவ முறுக்கு இங்க வரும், நத்தாருக்கு எங்க கேக்கு அங்க போவும்" என்றார். குரலில் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை. லயத்தில் எந்தக் காம்பரா என்று சொல்வதுபோல, எந்தக் கோயில் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போட எழுந்துபோனார். அவருக்கு அது வெறும் அடையாளச் சொல்.

அப்படியென்றால் உங்கள் அம்மா சொன்னது? அதுவும் முழு உண்மை. ஒரு சொல்லால் ஒருவர் காயப்பட்டார் என்றால், அந்தக் காயமும் அந்தச் சொல்லின் பொருளில் ஒரு பகுதிதான். அகராதியில் நல்ல பொருள் இருக்கிறது என்று காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. மலையகத்தில் இதை விளக்கவே வேண்டியதில்லை. தோட்டமும் காடும் நல்ல சொற்கள்தான். இரண்டையும் சேர்த்து "தோட்டக்காட்டான்" என்று ஒருவன் சொல்லும்போது நம் ரத்தம் கொதிக்கிறது. கூலி என்பது உழைத்ததற்குக் கிடைக்கும் பணம். அதுவே ஆளின் பெயராகி, மிஷனின் பெயரிலும் ஏறி, நம்மைத் தாழ்த்துகிற சொல்லாயிற்று. வேதக்காரருக்கும் அந்தக் கதி நேர்ந்தது. "வேதக்கார வீட்டில் பெண் எடுக்கமாட்டோம்" என்றபோதும், "சோத்துக்குப் போனவனுங்க" என்ற பேச்சோடு சேர்த்துச் சொன்னபோதும், அது இளக்காரச் சொல்லாகவே காதில் விழுந்தது. வேதக்காரர் என்பது வேதக்காரன், வேதக்காரி என்று இறங்கும்போது அந்த இளக்காரம் இன்னும் கூர்மையாகிறது. உங்கள் அம்மா கேட்டது பெரும்பாலும் அந்த வடிவங்களாகவே இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சொல் உங்கள் தலைமுறைக்கு அந்நியமாக ஒலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையே வேதம் என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. அதன்பின் வடமொழிச் சொற்கள் ஒவ்வொன்றாகத் தமிழாக மாறின. ஞானஸ்நானம் திருமுழுக்கானது. வேதாகமம் விவிலியமானது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புக்குத் திருவிவிலியம் என்றே பெயர். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் கொல்லப்பட்ட மன்னார்க் கிறிஸ்தவர்களை முன்பு வேதசாட்சிகள் என்றோம், இப்போது மறைசாட்சிகள் என்கிறோம். மறைமாவட்டம், மறைக்கல்வி, மறையுரை என்று எல்லாம் மறையாயிற்று. எனக்கு இந்த மாற்றத்தில் மனத்தாங்கல் இல்லை, மறை அழகான சொல். ஆனால் விளைவைப் பாருங்கள். கோயிலுக்குள் வேதம் என்ற சொல் இருந்தவரை, வெளியே ஒருவன் வேதக்காரன் என்று பழித்தாலும், உள்ளே அதே வேதம் புனிதமாக ஒலித்து அதை ஈடுகட்டியது. உள்ளே சொல் மறைந்ததும் வெளியே இருந்த பழிப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. இன்றைக்கு உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் வேதக்காரர் என்றால் யார் என்று கேளுங்கள், பிராமணர் என்று சொல்லக்கூடும்.

பைபிளில் இதற்குச் சொல் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. வேற்றினத்திலிருந்து யூத சமயத்துக்கு வந்தவரைக் கிரேக்கத்தில் "புரோசெலுத்தோஸ்" என்பார்கள், வந்து சேர்ந்தவர் என்று பொருள். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், இஸ்ரவேலரிடையே வந்து குடியிருக்கும் அந்நியரைக் குறித்த எபிரேயச் சொல்லுக்கு இதைப் போட்டார்கள். பழைய தமிழ் வேதாகமம் அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் "யூதமார்க்கத்தமைந்தவர்கள்" என்கிறது. அமைந்தவர்கள் என்ற தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும், வந்தவர் வெளியே நிற்காமல் உள்ளே பொருந்திவிட்டார் என்று அது சொல்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இன்னொரு சொல் வருகிறது, "நெயோஃபுத்தோஸ்", புதிதாக நடப்பட்டவர். பழைய மொழிபெயர்ப்பில் "நூதன சீஷன்". நாற்றுமேடையிலிருந்து கன்றைப் பிடுங்கி மலையில் நடுகிற ஊர்க்காரர்களுக்கு மூலச்சொல் உடனே புரியும். மலரில் இதற்கெல்லாம் இடம் தேவையில்லை, உங்கள் தகவலுக்காக எழுதினேன்.

இனி "மதம் மாறியவர்". பார்த்தால் நடுநிலைச் சொல் போலத்தான் இருக்கும். மாறிய ஒருவரை, மாறிய தருணத்தில், அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. சிக்கல் எங்கே என்றால், அது ஒரு நாள் நடந்த காரியத்தை ஆளுக்கு நிரந்தரப் பெயராக்குகிறது. தாத்தா மாறினார் சரி, அப்பா அந்தக் கோயிலிலேயே பிறந்தார், நீங்கள் அங்கேயே நற்கருணை வாங்கினீர்கள். இன்னும் உங்கள் குடும்பம் மதம் மாறிய குடும்பமா? இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நம் பேச்சில் கட்சி மாறினான், வாக்கு மாறினான் என்றால் நல்ல பெயர் இல்லை. மதம் மாறினான் என்பதிலும் அந்த வாடை ஒட்டிக்கொள்கிறது. வேதக்காரர் என்பது ஒருவர் எதைச் சேர்ந்தவர் என்று சொல்கிறது. மதம் மாறியவர் என்பது எதைவிட்டுப் போனார் என்பதையே பேசிக்கொண்டிருக்கிறது.

இளைஞர் சொல்லும் "மாற்றப்பட்டவர்கள்" இன்னும் மோசம். அவர் நல்லெண்ணத்தோடு, நம்மவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்ற ஆதங்கத்தில் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் உங்கள் கொள்ளுப்பாட்டியை யாரோ தூக்கி இடம் மாற்றிவைத்த பொருளாக்கிவிடுகிறது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் போடுவதிலிருந்து லயத்தில் எந்தக் காம்பரா என்பதுவரை எல்லாவற்றையும் அவர்களுக்காக மற்றவர்கள் முடிவு செய்தார்கள். எந்தக் கோயிலில் முழந்தாளிடுவது என்ற ஒன்றை அவர்களே முடிவு செய்திருக்கலாம். அதையும் நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. யாராவது வற்புறுத்தப்பட்டார்கள் என்பதற்குச் சான்று கிடைத்தால், அந்த ஆளைப் பற்றி, அந்தச் சம்பவத்தை எழுதுங்கள். சான்று இல்லாமல் ஒரு தலைமுறைக்கே செயப்பாட்டுவினை போடாதீர்கள்.

சேர்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டதும் உண்டு. 1898இல் அயோத்திதாசர் பிரம்மஞான சபையின் கர்னல் ஒல்கொட்டோடு சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். ஊர் அவரை மதம் மாறியவர் என்றுதான் சொல்லியிருக்கும். அவரோ தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றார். ஆதியில் நாங்கள் பௌத்தரே, தாழ்த்தப்பட்டதற்குக் காரணமும் அதுவே, இப்போது எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறோம் என்பது அவர் வாதம். வரலாற்று ஆய்வாளர்கள் அதை எப்படி எடைபோட்டாலும், பெயர் வைக்கும் உரிமையை அவர் பிறருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ் முஸ்லிம்களிடையே புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரை மௌலா இஸ்லாம் என்கிற வழக்கு உண்டு. அங்கேயும் அவர்கள் பிள்ளைகள் காலம்வரை அந்தப் பெயர் தொடர்வது சிலருக்கு மனவருத்தம். எல்லாச் சமயத்திலும் உள்ள வலி இது.

இப்போது வேலைக்கு வருவோம். பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் தோட்டம் முன்பு வேறு பங்கின் கீழ் இருந்திருந்தால் பழைய ஏடு அந்தப் பங்கில் இருக்கும். இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள், பார்க்க வேண்டியது இரண்டு மூன்று இடம்தான். பிறந்த நாளுக்கும் ஞானஸ்நான நாளுக்கும் இடையில் சில நாளோ சில வாரமோ இருந்தால் அது பிறவிக் கிறிஸ்தவக் குழந்தை. வயது இருபது, முப்பது என்று இருந்தால் அவர் வயதுவந்து சேர்ந்தவர். தாய் தகப்பன் பெயரையும் பாருங்கள். பெற்றோர் மாரிமுத்து, காளியம்மா என்றும் பிள்ளை சவரிமுத்து என்றும் இருந்தால் அந்த வீட்டில் மாற்றம் நடந்த இடம் அதுதான். பெற்றோரே சூசை, ஆரோக்கியம், இராயப்பன், சின்னப்பன் என்றிருந்தால் அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே கிறிஸ்தவர்கள். யோசேப்பைச் சூசை என்றும், பேதுருவை இராயப்பன் என்றும், பவுலைச் சின்னப்பன் என்றும் அழைத்தது பழைய கத்தோலிக்க வழக்கு. பேதுரு, பவுல் என்றே இருந்தால் அந்தக் குடும்பம் முன்பு வேறு சபையிலிருந்து வந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள். ஞானப்பெற்றோர் பெயரை விட்டுவிடாதீர்கள். யார் யாருக்குத் துணை நின்றார்கள் என்பதில் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் உறவு முழுதும் தெரியும்.

எழுதும்போது பெயர்ச்சொல்லைக் குறைத்து வினைச்சொல்லால் எழுதுங்கள். "இன்னார் இன்ன ஆண்டு திருமுழுக்குப் பெற்றார்", "இன்னார் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாகவே சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தது" என்றால் யாருக்கும் எந்த முத்திரையும் குத்தவேண்டி வராது. நீங்கள் பேசும் இடங்களில் கிறிஸ்தவர், கத்தோலிக்கர் போதும். பழைய ஆட்கள் பேசும் இடங்களில் அவர்கள் சொன்ன வேதக்காரவுங்க அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம். அப்புறம் ஒரு விளக்கப் பத்தி. மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன், ஏட்டைப் பார்த்தபின் "பலர்", "சிலர்" என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்:

"எங்கள் முன்னோரைத் தோட்டத்தார் வேதக்காரர் என்று அழைத்தார்கள். கிறிஸ்தவ நூலை வேதம் என்றும், ஆலயத்தை வேதக்கோயில் என்றும் தமிழர் வழங்கிய காலத்துப் பெயர் அது. அவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து இங்கே வந்தவர்கள். சிலர் இத்தோட்டத்தில் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெற்றவர்கள். இந்தப் பெயரைச் சிலர் இயல்பாகச் சொல்லிக்கொண்டார்கள். சிலர் ஏளனப் பேச்சாகக் கேட்டு மனம் நொந்தார்கள்."

கடைசி வாக்கியத்தைக் குழுவில் யாராவது வெட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது உங்கள் அம்மாவுக்கு உரிய வாக்கியம். அவர் விரும்பினால், பெயர் போடாமல், தனக்கு நேர்ந்ததை அவர் சொன்ன மொழியிலேயே நாலு வரி சேர்த்துக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

மெய்ப்புப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேதக்காரர், வேதக்கோயில் இரண்டிலும் "க்" ஒற்று உண்டு. தட்டச்சில் அது அடிக்கடி விழுந்துவிடும்.